வடகடலுக்குப் பழுப்புத் தண்ணீர் அளந்த அண்ணாச்சி

செய்தி வந்த நேரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, இருந்தும் இல்லாதவராகத் தூங்கிக்கொண்டிருந்த என் கணவர், பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து கீரை கொண்டுவரும் அஞ்சலை, சுவாமி அலமாரியில் வள்ளி தெய்வானையோடு முருகன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கோமதிநாயகம் அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார்கள் என்று வாசலில் நின்று சொன்னவர் ஆய்வகத்துப் பியூன். என் கையிலிருந்த முறம் சாய்ந்து அரிசி கொட்டியது. அஞ்சலைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஐயோ, அந்தப் பாட்டிலையெல்லாம் இனிமே யாரு அளக்கறது?"

சாவுச் செய்தி கேட்டதும் கேட்கிற கேள்வியா இது என்று அதட்டினேன். ஆனால் பத்து நாளாக அண்ணாச்சியின் மனைவி வடிவு அக்காவும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அண்ணாச்சி விட்டுப்போனது அடுப்படியில் சாக்குப் போட்டு மூடிய ஓர் அடுக்கு நிறையப் பாட்டில்கள். உள்ளே பழுப்புத் தண்ணீர். பாதி அளந்தாகிவிட்டது. மீதி நிற்கிறது. அவர்களை அறியாதவர்களுக்கு இது விளங்காது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். ஆய்வகத்தில், நம் நெய்வேலி நிலக்கரியில் கார்பன் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிற வேலை. நான் கல்யாணமாகி இந்தப் பிளாக்குக்கு வந்த புதிதில் காபி கொடுத்தேன். டம்ளரை வாயில் வைக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். பூச்சி விழுந்துவிட்டதோ என்று நான் பதற, "ஒண்ணுமில்ல தங்கச்சி, இதுலயும் கார்பன்தான் கிடக்கு" என்றார்கள். கல்யாணப் பந்தியில் ரசத்தையும் அப்படித்தான் பார்ப்பார்கள். பரிமாறுகிறவர் பயந்துபோய் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போவார்.

பிறகு ஒரு வருடம், கிளப் நூலகத்துக்கு வந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அவர்களைப் பிடித்துக்கொண்டது. கடலின் நிறத்தைப் பார்ப்பதற்கென்றே மேலே ஒரு செயற்கைக்கோள் சுற்றுகிறதாம். எங்கள் வெள்ளிக்கிழமை பஜனையில், மங்களத்துக்கும் சுண்டலுக்கும் நடுவே பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு அண்ணாச்சி பேசினார்கள்.

"நாம இங்க தோண்டி எரிக்கோம். புகையா மேல போகுது. அதுல ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கிடுது. கண்ணுக்குத் தெரியாத குட்டிச் செடிங்க அதைத் தின்னு வளருது. வடக்கே குளுந்த கடல்ல அது எக்கச்சக்கம். செலவு நெய்வேலியில, வரவு வடகடல்ல. வரவை யாராச்சும் எழுத வேண்டாமா?"

மற்றவர்கள் சுண்டல் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடுகு வாங்கினாலும் அன்றைக்கே எழுதிவைக்கிற எனக்கு மட்டும் அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

"மேகம் மறைச்சா தெரியுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"பனிக்கட்டி மூடிட்டா?"

"அப்பவும் தெரியாது."

வடிவு அக்கா பின்வரிசையிலிருந்து, "மேகம் வந்தா தெரியாது, பனி மூடினா தெரியாது, ராத்திரியில தெரியாது. இதுக்குப் போயி ராக்கெட்டு விட்டாகளாக்கும்! எங்க வீட்டுல ஒரு மனுசருக்குப் பட்டப்பகல்லயே மூக்குக் கண்ணாடி மூக்குல இருக்கது தெரியாது" என்றார்கள். அன்றைய கூட்டத்தில் அதற்குத்தான் கைதட்டல்.

அண்ணாச்சி அசரவில்லை. "தைப்பூசத்துக்கு வடலூர்ல ஏழு நிறத் திரையை ஒண்ணொண்ணா விலக்கித்தான ஜோதி காட்டுதாக? இதுவும் ஒவ்வொரு நிறமாப் பிரிச்சுத்தான் கடலைப் பாக்குது" என்றார்கள். அதற்கப்புறம் எனக்கு யாரும் செயற்கைக்கோளை விளக்கவேண்டியிருக்கவில்லை.

சொன்னதோடு நிற்காமல் தாமே செய்து பார்த்துவிடவும் துணிந்தார்கள். ஓர் ஆடி வெள்ளி, அவர்களுக்கு வார விடுமுறை, நல்ல வெயில். எங்கள் வாசலில் அன்னக்கூடைப் பாத்திரங்களை வரிசையாக வைத்தார்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் சிமெண்டுத் தொட்டியிலிருந்து வழித்த பச்சைப் பாசி. மற்றதிலெல்லாம் சமையல் சோடா போட்டு நிலக்கரித்தூளை ஊறவைத்து வடித்த பழுப்புத் தண்ணீர். பிறகு காமிராவும் நிறக் கண்ணாடிக் காகிதங்களுமாக எதிர் பிளாக் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள்தாம் செயற்கைக்கோள்.

அந்த நேரம் பார்த்து மந்தாரக்குப்பத்திலிருந்து கரகம் வந்தது. ஆடியில் கரகம் எடுத்து வருகிறவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றவேண்டும் அல்லவா? வாசலில் வரிசையாகப் பாத்திரத்தைப் பார்த்த அஞ்சலை, "இந்த வூட்டு அம்மாங்களுக்கு என்னா பக்தி!" என்று மகிழ்ந்துபோய், கையிலிருந்த மஞ்சளையும் வேப்பிலையையும் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் போட்டுவிட்டாள். மேலேயிருந்து அண்ணாச்சி இரு கையையும் தூக்கிக் கத்துகிறார்கள். பம்பைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஆத்தாளைக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்து அஞ்சலையும் மேலே பார்த்துக் கும்பிட்டாள். பிறகு பழுப்புத் தண்ணீரைத் தூக்கிக் கரகக்காரர் காலில் ஊற்றினாள். மறுநாள் வரைக்கும் அவர் கால் கரண்டைக்குக் கீழே நிறம் மாறி வேறு ஆளுடையதாக இருந்தது என்று கேள்வி.

அந்த அமளியிலும் எடுத்துவைத்த படங்கள் கழுவி வந்த அன்று அண்ணாச்சி அஞ்சலையை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். திட்டு விழப்போகிறது என்று அவள் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீலக் காகிதம் வெச்சு எடுத்தது, பாரு. இது பாசி, கருப்பா இருக்கு. இது நிலக்கரித் தண்ணி, அதுவும் கருப்பு. இது நான் வெச்ச வெறுந்தண்ணி. உன் மஞ்சளைத் தின்னுட்டு அதுவும் கருப்பு!"

"தெரியாம பண்ட்டேங்க."

"நீ பண்ணாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே, தாயி! பாசியில்லாத தண்ணியையும் பாசின்னு எழுதிக்கிடும் அந்த வானத்துக் கண்ணு. மேல கண்ணு இருந்தா பத்தாது. கீழ வாளியோட ஒரு ஆளு நிக்கணும்."

வெறும் தண்ணீருக்கு மஞ்சள் போட்டதற்குப் பாராட்டு வாங்கியவள் இந்த நகரியத்தில் அஞ்சலை ஒருத்திதான்.

இதையெல்லாம் எழுதி, அந்த வடகடல் பக்கத்திலேயே வேலை செய்கிற ஒரு பேராசிரியருக்கு அனுப்பினார்கள். அவரும் மதித்துப் பதில் போட்டார். அங்கே சதுப்பில் மக்கிய செடிகளை ஊறவைத்துக்கொண்டு ஆறுகள் வந்து கடலில் விழுகின்றனவாம். அந்த மக்கல் நம் நிலக்கரிக்குத் தம்பி முறை. ஆற்றுப் பழுப்பு எது, செடிப் பச்சை எது என்று மேலேயிருந்து பிரிக்க முடியாமல் அவர்களும் முழிக்கிறார்கள். கெட்டியாகவும் தண்ணியாகவும் பலவிதமாய்ப் பழுப்பைக் கரைத்து, ஒவ்வொன்றும் எந்த நிற வெளிச்சத்தை எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்து அனுப்பினால், கோடையில் பனி விலகிக் கப்பல் புறப்படும்போது ஒத்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

அன்று முதல் வடிவு அக்காவின் அடுப்படி போயிற்று. வெயில் பட்டால் பழுப்பு வெளுத்துவிடும் என்பதால் பாட்டில்களுக்கு இருட்டு வேண்டும். புளிப்பானை கூடத்துக்கு வந்தது. "மார்கழி வந்தா குரங்குக் குல்லா போட்டுக்கிட்டு நடுங்குத ஆளு, பனிக் கடலுக்குக் கஷாயம் காச்சுதாக" என்று அக்கா சொல்வார்கள். ஆனால் சாக்கை அவ்வப்போது இழுத்து மூடியதும் அவர்கள்தாம். அண்ணாச்சி ஆய்வகத்தில் அனுமதி வாங்கி, வேலை முடிந்த பிறகு ஒவ்வொன்றாக அளந்துவந்தார்கள். அந்த வேலையின் நடுவில்தான் நெஞ்சுவலி வந்தது.

துட்டி விசாரிக்க வந்திருந்த அக்காவின் தமையனார், அடுப்படியில் கஷாயம் இருக்கிறது என்று தாமாகவே முடிவு கட்டிக்கொண்டு ஒரு பாட்டிலை எடுத்து முக்கால்வாசி குடித்துவிட்டார். வெளியே வந்து பெரிதாக ஓர் ஏப்பம் விட்டு, "வடிவு, கஷாயத்துல உப்புத் தூக்கல்தான். ஆனா வாயுவுக்கு நல்லாக் கேக்குது" என்றார். பெண்கள் எல்லோரும் அழுகையை நிறுத்திவிட்டார்கள். அக்கா எழுந்து போய்ப் பாட்டிலைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார்கள்.

"அளந்ததுதான். குடிச்சா குடிச்சுட்டுப் போட்டும்" என்றார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்காமல் என் தோளில் சாய்ந்தபோதுதான் அது அழுகையாயிற்று. "மீதியை அளந்து அனுப்பிட்டா, அவுக பேரு அந்தக் கடல் வரைக்கும் போயிருமே" என்றார்கள்.

அண்ணாச்சி, எங்கள் எல்லோருடைய டம்ளருக்குள்ளும் கடலைக் காட்டிவிட்டுப் போனீர்கள். முருகன் உங்களைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளட்டும். அங்கேயிருந்து பார்க்கும்போது மேகம் மறைக்காது.

ஆய்வகத்து நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அக்கா குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். பாட்டில்கள் ரயிலில் திருநெல்வேலி வரை தாங்கா. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது. அளக்கத் தெரிந்த கை ஒன்றுதான் வேண்டும். தூக்கிக்கொண்டுவர நானும் அஞ்சலையும் இருக்கிறோம். உங்களில் யார் அளந்து தருவீர்கள்? தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.