ஒரு முள்ளுகூட இல்லக்கா

என் பார்லரில், பெரிய கண்ணாடிக்கு இடப்பக்கம், ஓர் ஆணியில் முள்ளுவாங்கி ஒன்று தொங்குகிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு முனையைச் சேர்த்து அடித்த இரண்டு இரும்புத் தகடுகள், அதே வளையத்தில் கோத்த ஓர் ஊசி, காது குடைய ஒரு குறும்பிவாங்கி, அவ்வளவுதான். அரூர்ச் சந்தையில் அப்பா வாங்கியது. எங்கள் காட்டைச் சுற்றி வேலிமுள். செருப்பு என்பது டவுனுக்குப் போகும்போது மட்டும் போடுவது என்று இருந்த குடும்பம். முள் குத்தாமல் ஒரு வாரம் போனால் அதுதான் அதிசயம். குத்திய இடத்தை ஊசியால் கீறி, முள்ளுவாங்கியால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். ஆனால் அந்தக் கருவியால் என் அக்காவின் காலிலிருந்து முள் எடுத்த ஞாபகம் எனக்கு அதிகம் இல்லை. முகவாயிலிருந்துதான் எடுத்தேன்.

எனக்கு அப்போது ஆறு வயது, அக்காவுக்குப் பதினான்கு. ஒரு சனிக்கிழமை, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் கைக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, முகவாயைத் தூக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கையில் முள்ளுவாங்கி. என்னைப் பார்த்ததும், "கால்ல முள்ளுடி" என்றாள். "கால்ல முள்ளுன்னா கண்ணாடி எதுக்குக்கா?" என்று கேட்டேன். அந்த வயதிலேயே எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அழுதுவிடுவாளோ என்று பார்த்தேன், அழவில்லை. என் விரலைப் பிடித்துத் தன் தாடைக்கு அடியில் வைத்தாள். அறுத்த கம்பங்காட்டில் கால் வைத்தது போலச் சுருக்கென்றது. "இங்க எனக்குத் தெரிய மாட்டேங்குது. கொஞ்சம் பெருசானதும் நீதான் எடுத்து வுடணும். யார்கிட்டயாச்சும் சொன்ன, கொன்னுடுவேன்" என்றாள். அன்று முதல் எங்களுக்குள் அதற்குப் பேர் முள். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே, "இன்னிக்கு நாலு முள்ளுடி" என்பாள். "பாத்து நடந்தா என்னவாம்?" என்பாள் அம்மா.

எட்டு வயதிலிருந்து நான் எடுக்கத் தொடங்கினேன். முடி நீக்குவதே இன்று என் பிழைப்பு. எது எவ்வளவு நாள் தாங்கும், எது எந்தத் தோலுக்கு ஆகாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒப்பிப்பேன். அந்தப் பாடத்தில் பாதி அக்காவின் முகத்தில் படித்தது. குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசிப் பார்த்தாள். முகம் மஞ்சளானதே தவிர முடி அசையவில்லை. ஃபேன்சி ஸ்டோரில் ஒரு கிரீம் வாங்கினாள். முகவாய் முழுக்கக் கொப்புளம் கண்டு, பத்து நாள் வேர்க்குரு என்று சொல்லிச் சமாளித்தாள். பிறகு ஒருநாள் தருமபுரியில் ஒரு பார்லருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்திருந்த அந்த அம்மாள், நூலை விட்டுவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி, "தாடியும் எடுக்கணுமாம்மா?" என்று கேட்டாள். மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். "இல்லீங்க, புருவம் மட்டும்" என்றாள் அக்கா. அரூர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும் வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

மிச்சம் இருந்தது பிளேடு. அப்பாவின் சவர செட் ஜன்னலிலேயே இருக்கும். அதை மட்டும் அவள் தொட்டதில்லை. மழித்தால் முடி தடித்து வளரும் என்று ஊரே சொல்லும். "அதத் தொட்டா நான் ஆம்பளடி" என்பாள். அது உண்மையில்லை. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் சொரசொரக்கிறதே தவிர, முடி தடிப்பதில்லை. இதைத் தினமும் நாலு பேரிடம் சொல்கிறேன். அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் பயந்தது முடி தடிப்பதற்காக அல்ல என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவளுக்கு அதியமான்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை வைத்திருந்தார். நிச்சயம் ஆன நாளிலிருந்து அவளுக்கு இருந்த பயமெல்லாம் நலங்கைப் பற்றித்தான். பெண்ணை மணையில் உட்கார வைத்து, சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து இரண்டு கைகளாலும் கன்னத்தில் மஞ்சள் பூசுவார்கள். கண்ணுக்குத் தப்பினாலும் கைக்குத் தப்பாது. எனக்கு அப்போது பதினான்கு வயது. நலங்கன்று காலையில் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் முகத்தை என் மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம். தாடை சிவந்து, அங்கங்கே ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது. கீழே சித்தி பெண்கள் மருதாணி அரைத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இடது தாடைக்கு அடியில் இன்னும் மூன்று இருந்தன. குட்டையானவை. இரண்டு தடவை பிடித்துப் பார்த்தேன், வழுக்கிவிட்டன. "முடிஞ்சுதாடி?" என்று கேட்டாள். "ஒரு முள்ளுகூட இல்லக்கா" என்று சொல்லிவிட்டு மருதாணிக்கு ஓடினேன்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பூசினார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். களை வெட்டிக் காய்த்துப்போன பெரிய கைகள். அவை அக்காவின் தாடைக்கு அடியில் போனபோது நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அத்தை நிமிர்ந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்து உரக்க, "எம் மருமவ கன்னம் வெண்ண மாதிரி இருக்குதுங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி. நான் தலையைக் குனிந்து என் மருதாணிக் கையைப் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஒரு வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. மறுவீட்டுக்கு வந்தபோதே சொன்னாள்: "எங்க மாமியா வெண்ணன்னு சொல்லிட்டாங்கடி. இனிமே வெண்ணயாவேதான் இருந்தாவணும்." சீர்வரிசையோடு முள்ளுவாங்கியையும் எடுத்துப் போனாள். இருபத்து நான்கு வருஷம் அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்தாள். அவள் வெளிச்சத்துக்கு முகம் காட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஏழு வருஷம் கழித்துப் பிறந்த மகன் மடியில் ஏறி முகவாயைப் பிடித்தால், அந்தப் பிஞ்சுக் கையையும் மெல்ல விலக்கிவிடுவாள். குழந்தைக்காகக் காத்திருந்த வருஷங்களில் பார்த்த டாக்டர் ஒருவர், முடி சினைப்பை நீர்க்கட்டியால் வருவது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இருப்பதை அது உதிர்க்காது என்றும் சொன்னார். அடியில் தெரியாததை எடுக்க என்னிடம்தான் வருவாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், கிண்டலடிப்பார்: "உங்கூரு முள்ளெல்லாம் உங்கக்கா கால விசாரிச்சுக்கிட்டே வருது போல!" அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

அவளுக்காகத்தான் இந்தத் தொழிலைக் கற்றேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால் எனக்குத் தையல் வரவில்லை. தருமபுரியில் பார்லர் திறந்த பிறகும் அவள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. வீட்டுக்குத்தான் வருவாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் சேலத்தில் லேசர் செய்கிற ஓர் இடத்தை நானே கண்டுபிடித்தேன். ஏழெட்டு முறை போனால் பெரும்பகுதி அடங்கிவிடும். ஒரே ஒரு நிபந்தனை. நடுவில் பிடுங்கக் கூடாது, நூலும் போடக் கூடாது. வேர் உள்ளே இருந்தால்தான் லேசர் அதைச் சுடும். அதுவரை முகத்தை மழித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "பிளேடாடி?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆமா, பிளேடுதான். தூக்குக் கயிறா அது? இத்தன வருசமா முள்ளு முள்ளுன்னு எனக்கே சலிச்சுப் போச்சுக்கா" என்றேன். அவள் முகம் சுருங்கியது. பிறகு, "சரி, உனக்குத்தான் எல்லாந் தெரியுமே" என்று ஒத்துக்கொண்டாள். நானே ஒரு ரேசர் வாங்கிக் கொடுத்தேன்.

குளியலறையில் சீயக்காய் டப்பாவுக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்திருந்தாள். முதல் முறை லேசருக்குப் போய்வந்தோம். இரண்டாவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் செய்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அத்தை குளித்துவிட்டு வந்த பிறகு போய்ப் பார்த்தால், ரேசர் கழுவித் துடைத்து, காகிதத்தில் சுற்றி, மேல் பலகையில் வைக்கப்பட்டிருக்கிறது. "என்னக்கா சொன்னாங்க?" என்றேன். "ஒண்ணுஞ் சொல்லல. திட்டியிருந்தாக்கூட பரவால்லடி. இது யாருதுன்னு ஒரு வார்த்த கேக்கல. அவ்ளோ அருவருப்பு." ரேசரைக் குப்பையில் போட்டுவிட்டாள். லேசரும் அதோடு நின்றது. மறுபடி முள்ளுவாங்கி. "நீ சொன்னதக் கேட்டுத்தான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு என்னிடம் வருவதையும் குறைத்துக்கொண்டாள்.

போன வருஷம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாயில் குழாய், குழாய் அசையாமல் இருக்க முகவாயில் டேப். ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம் பார்க்க விடுவார்கள். நாலாம் நாள் அந்த வெள்ளை வெளிச்சத்தில் அவள் முகவாயைப் பார்த்தேன். ஆயுசெல்லாம் மறைத்தது அத்தனையும் வெளியே வந்திருந்தது. வார்டு பாய், டாக்டர், மகன், எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். மறுநாள் அவள் புடவைகளுக்கு நடுவிலிருந்து முள்ளுவாங்கியைத் தேடி எடுத்து வந்தேன். இரண்டு எடுத்திருப்பேன், நர்ஸ் வந்துவிட்டார். "இங்க அதெல்லாம் பண்ணக் கூடாதுங்க, புண்ணாயிடும். டேப்பு வேற ஒட்ட மாட்டேங்குது. நாங்களே ஷேவ் பண்ணி விட்டுடறோம், சரிங்களா?" என்றார். அக்காவைப் பார்த்தேன். அவள் கண் பாதி மூடியிருந்தது. குழாய் நகர்ந்தால் மூச்சு நின்றுவிடும். "பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

அதற்கு மூன்றாம் நாள் இறந்துபோனாள். அதியமான்கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு நான் போனபோது, சேலைகளைச் சுற்றிப் பிடித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். சுமங்கலியாகப் போனவள், முகம் நிறைய மஞ்சள் பூச வேண்டும். அத்தனை பெண்களின் கைகளும் அவள் முகத்துக்கு வரும். "மூஞ்சிய நான் கழுவறேன்" என்று சொல்லி முன்னால் உட்கார்ந்து முள்ளுவாங்கியை எடுத்தேன். மூன்று நாளுக்கு முன்பு மழித்த முடி இரும்பின் பிடிக்குச் சிக்காது. எனக்குத் தெரியாதா, இதுதானே என் தொழில். இருந்தும் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் நான் சரியென்று சொன்னதால் வந்தது.

"நவுரு கண்ணு" என்று என் தோளில் ஒரு கை விழுந்தது. அத்தை. மஞ்சள் கிண்ணத்தோடு சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்தார். "மூஞ்சிக்கு நாம் பாத்துக்கறேன். நீங்கல்லாம் போயி தண்ணி மொண்டாங்க" என்று மற்றவர்களை அனுப்பினார். பிறகு அந்தப் பெரிய கைகளால் முகவாயில் கெட்டியாக அப்பினார், உள்ளே இருப்பது யார் விரலுக்கும் தெரியாதபடி. இடது தாடைக்கு அடியில் விரல் வந்ததும் நிறுத்தினார்.

"இங்கதாங் கண்ணு மூணு இருந்துச்சு, நலங்கன்னிக்கி. சுத்தி ஊரே நிக்குது. புள்ள நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்குது. அதான் வெண்ணன்னு சொல்லி வெச்சேன்."

கையிலிருந்த முள்ளுவாங்கியைப் பையில் போட்டேன். அவரே சொன்னார்: "அந்த ரேசரு ஈரத்துல கெடந்துச்சு. துரு புடிச்சதப் போட்டா மூஞ்சி என்னாத்துக்காவும்னு தொடச்சு மேல வெச்சேன். அவளா வாயத் தொறக்கட்டும்னு இருந்தேன். கடேசி வரைக்கும் என்கிட்ட சொல்லவே இல்லியே." அப்போதுதான் அவர் அழ ஆரம்பித்தார்.

முள்ளுவாங்கி என் பையிலேயே வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை. இப்போது பார்லருக்கு வரும் காலேஜ் பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, அப்பர் லிப், சின்னு ரெண்டும்" என்கிறார்கள். ஒருத்தியும் குரலைத் தாழ்த்துவதில்லை. நல்லதுதான். சில நாள் அவர்கள்மேல் எனக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது, அதுவும் உண்மை. போன வாரம் ஒரு பெண் ஆணியைக் காட்டி, "அது என்னங்க்கா?" என்றாள். முள் எடுப்பது என்றேன். "இப்ப யாருக்குங்க்கா முள்ளு குத்துது?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

வேலை முடியும் நேரத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "முடிஞ்சுதாங்க்கா?" நான் உடனே பதில் சொல்வதில்லை. முகவாயைத் தூக்கச் சொல்லி, இடது தாடைக்கு அடியில் இன்னொரு தடவை விரலை ஓட்டிப் பார்க்கிறேன்.