சௌசௌவுக்கு லிஃப்டில் இடம் உண்டு

வாரா வாரம் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறதே காய்கறிப் பெட்டி, அதைத் தீர்ப்பது யார்? நீங்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அடையாறில் ஓர் அடுக்ககத்தின் ஐந்தாம் மாடியில், ஸ்நேஹா வீட்டில் அதைத் தீர்ப்பவர் தேவானை. பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சமைக்கிறார். ஆற்றோரத்துக் குடிசையை இடித்து ஊருக்கு வெளியே வீடு கொடுத்து அனுப்பியவர்கள், அவருடைய வேலையை மட்டும் அடையாறிலேயே விட்டுவிட்டார்கள்.

பெட்டியில் அந்தந்தப் பருவத்துக் காய்தான் வரும். கார்த்திகை முழுக்க சௌசௌவும் நூக்கலும் பூசணியும் வந்தன. ஸ்நேஹாவும் கணவனும் ராத்திரி பிரியாணி வரவழைத்துச் சாப்பிடுகிற ஜோடி. ஆனாலும் விவசாயியின் வியர்வையில் ஒரு காம்புகூட வீணாகக் கூடாது என்பது ஸ்நேஹாவின் கொள்கை. தேவானை சௌசௌவைக் கூட்டு வைத்தார், தோலைத் துவையலாக அரைத்தார், அடைமாவில் துருவிப் போட்டு ஒளித்தார். மறுநாள் ஃபிரிட்ஜைத் திறந்தால், உள்ளே இருந்தவை குட்டி போட்டதுபோல் நிறைந்திருக்கும்.

விவசாயியின் வியர்வைக்கு அவ்வளவு மரியாதை. தேவானையின் வியர்வைக்கு? "பணியாளர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது" என்று கீழே பலகை தொங்கியது. பெட்டி மட்டும் குடியிருப்போரின் உடைமை, அது ஏறலாம். தேவானை பெட்டியை லிஃப்டுக்குள் வைத்து, ஐந்தை அழுத்திவிட்டுப் படியில் ஓடுவார். பூசணிக்காய் நோகாமல் மேலே போய்ச் சேரும். இவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு போவதற்குள், யாரோ பொத்தானை அழுத்த, அது மறுபடி கீழே இறங்கியிருக்கும். முட்டி தேய்ந்துவிட்டது, படி ஏறாதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். படி ஏறாவிட்டால் வேலை போய்விடும்.

கீழ்த்தளத்தில் நடக்கும் அந்த மாதக் குடியிருப்போர் கூட்டத்துக்குச் சாப்பாடு தன் பொறுப்பு என்றாள் ஸ்நேஹா. மனிதநேயம் பாதி, சௌசௌ பாதி. இருந்த காயையெல்லாம் போட்டு தேவானை ஒரு குண்டான் சாம்பார் சாதம் கிளறினார். நெய் மணம் ஐந்து மாடிக்கும் அடித்தது. சங்கச் செயலாளர் சுப்பராயன், குண்டான் லிஃப்டில் வரட்டும், ஆள் படியில் வரட்டும் என்று விதிப்படி சொல்லிவிட்டார்.

குண்டான் தனியாகப் புறப்பட்டது. நாலாம் மாடியில் கதவு திறந்தது. கூட்டத்துக்கு வராமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கிண்ணத்தோடு வந்தார்கள். மூன்றாம் மாடியிலும் அப்படியே. யாரோ தூக்குப்பாத்திரமே கொண்டுவந்தார்களாம். தேவானை நொண்டிக்கொண்டு இறங்கி வந்து நின்ற பிறகுதான் குண்டான் கீழே வந்தது. உள்ளே கரண்டி இருந்தது.

பசியில் இருந்த சுப்பராயன், சாதம் எங்கே என்று கேட்டார்.

"என்னிய கேட்டா? அது லிஃப்ட்ல வந்துச்சி சார், நான் படில வந்தேன். வழில அது எங்கெங்க நின்னுச்சோ, எனக்கு இன்னா தெரியும்?"

பசி வந்ததும் சங்கத்துக்குப் புத்தி வந்தது, முழுசாக அல்ல. பலகையை எடுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருமனதாக ஒரு திருத்தம் நிறைவேற்றினார்கள்: உணவுப்பொருளுடன் வரும் பணியாளர், அப்பொருளின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டு, லிஃப்டில் அனுமதிக்கப்படுவார். வாசித்த சுப்பராயனும் சிரிக்கவில்லை, கேட்டவர்களும் சிரிக்கவில்லை.

மறுநாள் தேவானை கையில் ஒரு சௌசௌவோடு வந்தார். சின்னப்பையன் என்கிற வாட்ச்மேன் வழிமறித்தார்.

"இன்னாக்கா, லிஃப்ட்டாண்ட நிக்கிற?"

"நான் எங்க நிக்கிறேன்? சௌசௌ நிக்கிது. நான் அதுல ஒரு பார்ட்டு."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே வழிவிட்டார். அப்புறம் இரண்டாம் மாடியில் பெருக்கித் துடைக்கிற மணிமொழிக்கு ஒரு நூக்கல், துணி தேய்க்கிறவருக்கு ஒரு முள்ளங்கி. வாரம் முடிவதற்குள் பெட்டி காலி. ஒரு காய்கூட அழுகவில்லையே என்று ஸ்நேஹா பூரித்துப்போய், தேவானை அக்காவின் கைமணத்தை எல்லோரிடமும் புகழ்ந்தாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. பெட்டி வரவில்லை. வீட்டிலிருந்த கடைசிக் காயும் சாம்பாரில் கரைந்துவிட்டது. தேவானை ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு லிஃப்ட் முன்னால் நின்றார். கறிவேப்பிலை உணவுப்பொருளா, சாப்பிடும்போது ஒதுக்கிவைக்கிற பொருளா என்று சின்னப்பையனுக்குச் சந்தேகம். சுப்பராயனை அழைத்தார். சுப்பராயன் செயற்குழுவை அழைத்தார். தேவானை முட்டி நோவில் கால்களை மாற்றி மாற்றி ஊன்றி நின்றார்.

அவர்கள் பேசி முடிக்கட்டும். நீங்கள் எழுந்து, உங்கள் கட்டடத்து லிஃப்ட் வரைக்கும் போய்வாருங்கள். அப்படி ஒரு பலகை இருந்தால் கழற்றுங்கள். செயலாளரை நினைத்துப் பயமாக இருந்தால் அதுவும் வேண்டாம். நாளைக் காலை கையில் ஒன்றுமில்லாமல் ஒருவர் படியை நோக்கி நடக்கும்போது, லிஃப்ட் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு, வாங்க என்று கூப்பிடுங்கள்.