துப்பறிவாளர்

கிடங்கில் அவரை எல்லோரும் துப்பறிவாளர் என்றுதான் கூப்பிட்டார்கள். கொலை, களவு எதையும் அவர் கண்டுபிடித்ததில்லை. சுற்றுவட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களிலிருந்து வருகிற ஒயினை ஒரு வாய் உறிஞ்சி, கன்னத்துக்குள் உருட்டி, பக்கத்து வாளியில் துப்பிவிட்டு, கேட்கிற விலைக்கு அது தகுமா தகாதா என்று சொல்வதுதான் அவர் வேலை. துப்பித் துப்பியே அறிகிறவர். சுமை தூக்குகிறவர்களில் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

நல்ல ஒயினையும் துப்பத்தான் வேண்டும், விழுங்கினால் நாலாவது கிண்ணத்தில் நாக்கு மழுங்கிவிடும் என்று மனைவிக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் காது கேட்டது மனதுக்குப் போகவில்லை என்பது, அவளுடைய தம்பி தன் முதல் ஒயினைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

மச்சினன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு நாள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மண்வெட்டியைப் பிடித்தான். மலைச்சரிவில் கல்லும் கட்டியுமாகக் கிடந்த நிலத்தை வாங்கிக் கொடி நட்டான். அப்பா வீட்டில் அக்காவுக்கு வரவேண்டிய பங்கும் அந்தச் சரிவில்தான் போய் விழுந்தது. வேண்டாம் என்று துப்பறிவாளர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனைவியின் பிறந்த வீட்டு விஷயத்தில் வாயைத் திறப்பது நமக்கெதற்கு என்று இருந்துவிட்டார்.

அன்று சாப்பாட்டு மேசையில், மனைவி கண்ணாடிக் கூஜாவிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். மச்சினன் உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவர் உறிஞ்சினார், உருட்டினார், எழுந்து போய்ச் சமையலறைத் தொட்டியில் துப்பினார். முப்பது வருஷப் பழக்கம், கால் தானாகவே போய்விட்டது.

திரும்பி வந்தபோது மேசையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அவன் முகத்துலயே துப்பியிருக்கலாமே," என்றாள் மனைவி. "தொட்டி வரைக்கும் எதுக்கு நடந்தீங்க?"

அவர் பதறிப்போய் மிச்சத்தை ஒரே மடக்கில் விழுங்கிக் காட்டினார். நல்லாத்தான் இருக்கு மாப்ளே என்றார். நல்லா இல்லை. அடியில் லேசான புளித்த நெடி ஒன்று ஓடியது. காடியாக, அதாவது வினிகராகத் திரும்பத் தொடங்கிவிட்ட ஒயினில் வருகிற நெடி. இன்னும் ஒரு மாசத்தில் இது தரை துடைக்கத்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டார். தம்பியின் தட்டில் மனைவி இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை.

அந்த வாரமே கிடங்கில் ருசி பார்க்கும் நாள் வந்தது. வெள்ளைத் துணி விரித்த நீள மேசையில் ஏழு பாட்டில்கள். கழுத்து வரைக்கும் பழைய பேப்பர் சுற்றி, சாக்பீஸால் எண் போட்டிருந்தது. எது யாருடையது என்று முதலாளியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். தோட்டக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு அந்த வருஷம் ஒரே விலையாகக் கேட்டிருந்தார்கள். ஏழில் ஒன்றைத்தான் வாங்குவது என்று முதலாளியம்மா முடிவு செய்திருந்தாள். மச்சினனின் பாட்டில் அந்த ஏழில் இருந்தது.

முந்தின இரவெல்லாம் புரண்டு, அவர் ஒரு தீர்மானத்தோடுதான் வந்திருந்தார். இத்தனை வருஷத்தில் நாக்கு ஒரு பொய் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சொல்லட்டும். அந்தப் புளித்த நெடி எதில் வருகிறதோ அதுதான் மச்சினனுடையது. அதற்குத் தகும் என்று சொல்லிவிடுவது.

ஒன்று, சுமார். இரண்டாவதை வாயில் வைத்ததுமே தலையை ஆட்டினார். சுத்தமாக இருந்தது, ஆனால் சாரமே இல்லை. பிஞ்சுக் கொடியின் பழத்தை அவசரப்பட்டுப் பறித்திருக்கிறார்கள்.

"தண்ணிம்மா," என்றார். "கேக்குற விலையில பாதிக்குக்கூடத் தகாது."

மூன்றும் நான்கும் போயின. ஐந்தாவதில் அந்த நெடி இருந்தது. வாயில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்து, வாளியில் துப்பி, உதட்டைத் துடைத்தார்.

"இது தகும்," என்றார். மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு, மறுபடியும், "அஞ்சுதாம்மா" என்றார்.

முதலாளியம்மா வழக்கமாகத் தானே ருசி பார்ப்பதில்லை. அன்று என்ன தோன்றியதோ, ஐந்தாவதிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் குடித்தாள். முகம் சுருங்கியது. அவரைப் பார்த்துக்கொண்டே பேப்பரைப் பிரித்தாள். ஆற்றோரத் தோட்டக்காரருடையது. பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இரண்டாவதில் மச்சினன் தன் கையால் கோணல்மாணலாக எழுதி ஒட்டிய லேபிள் இருந்தது.

"உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

அவர் இரண்டாவதை மறுபடி ஒரு வாய் பார்த்தார். அப்போதும் தண்ணீராகத்தான் இருந்தது. தகும் என்று இப்போது சொன்னாலும், அந்த வார்த்தையை அந்த மேசையில் யார் வாங்குவார்கள்? அடுத்த தடவை வேறு ஒருவரை வரச் சொல்வதாகவும், இவர் வீட்டில் கொஞ்ச நாள் ஓய்வாக இருக்கலாம் என்றும் முதலாளியம்மா தன்மையாகச் சொன்னாள். வாளியை அவரே எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் மச்சினன் காத்திருந்தான்.

"துப்பினீங்களா அத்தான், முழுங்கினீங்களா?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. அந்த நெடி உன் ஒயினில் எப்படி வந்தது என்றுதான் புரியவில்லை என்றார்.

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா அடுப்பைப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பீப்பாயிலிருந்து பிடித்து வர நல்ல பாட்டில் இல்லாமல், அவள் கொடுத்த காலி வினிகர் பாட்டிலைத்தான் அவன் கொண்டுபோயிருந்தான். மூன்று தடவை கழுவியும் மூடியில் வாசனை போகவில்லை. அந்தப் பாட்டில் மேசைக்கு வரக்கூடாதென்றுதான் அவள் கூஜாவில் ஊற்றினாள்.

அடுப்பை அணைத்துவிட்டு அவள்தான் பேசினாள். "பொய் சொல்றதுக்கும் ஒரு துப்பு வேணும்."

மச்சினன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலைத் திறந்தான். சரியான பாட்டில், புது மூடி. ஒரு கிளாஸ் ஊற்றி அத்தான் முன்னால் வைத்தான்.

"அக்காவுக்காக வேணாம். எனக்காக வேணாம். உள்ளதைச் சொல்லுங்க."

அவர் குடித்தார். விழுங்கினார்.

"தண்ணி மாப்ளே. இன்னும் நாலஞ்சு வருஷம் போனா கொடி தேறலாம்."

"அதுவரைக்கும்?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். பஸ் டிப்போவில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று மச்சினன் யாரிடமென்று இல்லாமல் கேட்டான். அக்கா காலிக் கிளாஸை எடுத்துக்கொண்டு போய், அவர் துப்பிய அதே தொட்டியில் குழாயைத் திறந்தாள்.