சோத்தாங்கைப் பக்கம் புயல்

"காத்துக்கு மூஞ்சக் காட்டி நில்லு. நின்னுட்டியா?"

"நின்னுகினுதான் கீறேன் மச்சான். நிக்கவே முடில. பேயாட்டம் அடிக்குது."

"எந்தப் பக்கத்து காத்து?"

"தென்கிழக்கு."

"சோத்தாங்கைய நீட்டு. அந்தப் பக்கம்தான் புயலு கீது. பீச்சாங்கைப் பக்கமா வுடு. வடகிழக்கு. திரும்பிப் பாக்காத."

சொல்லும்போது கிருஷ்ணப்பனும் வலது கையை நீட்டிக்கொண்டுதான் நின்றான். எண்ணூர் கடலோரச் சாலையில் காலை பத்து மணி வெயில். அனல்மின் நிலையத்துப் புகை வளையாமல் நேராக மேலே போயிற்று. மீன் கூடையோடு போன கன்னியம்மா நின்று பார்த்தாள்.

"இன்னா மாமு, பஸ்ஸ நிறுத்துறியா?"

அவன் கையால் அவளைப் போகச் சொன்னான். போனில் பகலவனின் குரல் விட்டு விட்டு வந்தது.

"சரி மச்சான். செங்கொடிகிட்ட சொல்லாத. பயந்துடுவா."

அத்துடன் லைன் போயிற்று.

பகலவன் அவன் தங்கை செங்கொடியின் புருஷன். பசிபிக் கடலில் தீவு தீவாக அரிசியும் டீசலும் இறக்கும் சின்னக் கப்பலில் இருந்தான். எட்டு மாதம் ஆகிறது. கேப்டனுக்கு வயிற்று வலி கண்டு முந்தின தீவிலேயே ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அடுத்த பொறுப்பில் இருந்த பகலவன் கப்பலை ஓட்டிக்கொண்டு போனான். வழியில் புயல். வானிலை கேட்கும் கருவியின் ஆன்டெனாவைக் காற்று முறித்துவிட்டது. ஒதுங்கிய தீவைச் சுற்றிப் பாறைகள். நங்கூரம் இழுபட ஆரம்பித்திருந்தது. தீவின் டவரில் போனுக்குக் கொஞ்சம் சிக்னல் கிடைத்ததும் முதலில் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். விம்கோ நகர் தையல் கம்பெனியில் உள்ளே போகும்போதே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். அதனால் மச்சானைக் கூப்பிட்டான்.

கேட்க வேறு ஆளும் இல்லை அவனுக்கு. கிருஷ்ணப்பன் காசிமேட்டில் இருபத்திரண்டு வருஷமாக மீன்பிடி லாஞ்ச் டிரைவர். பகலவன் கடலுக்குப் பழகியதே அந்த லாஞ்சில்தான். இந்தக் கைக்கணக்கை வைத்து மூன்று புயல்களிலிருந்து கிருஷ்ணப்பன் ஆட்களைக் கரை சேர்த்திருக்கிறான். ரேடியோ ஒன்று சொல்லும், கை ஒன்று சொல்லும். மூன்று தடவையும் அவன் கையைத்தான் கேட்டான். மூன்றாவது தடவை பகலவனும் கூட இருந்தான்.

கடைக்குப் போய் டீ குடித்தான். நிம்மதியாகக்கூட இருந்தது. டீக்கடைக்காரனிடம், "மாப்ளைக்கு இங்கேர்ந்தே வழி காட்டிட்டேன்" என்றான்.

"இன்னா தூரம் மாமு?"

"எவ்ளோ தூரமா இருந்தா இன்னா. காத்து காத்துதான்."

ஒன்றே கால் மணிக்குச் செங்கொடி ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை ஆடியது. கையில் திறக்காத சாப்பாட்டு டப்பா.

"அவரு உனக்குப் போன் பண்ணாரா?"

"பண்ணான். ஒண்ணும் பேஜார் இல்ல. நான் பாத்துக்கினேன்."

"எனக்கு ஏழு வாட்டி பண்ணிருக்காருண்ணா. இப்போ போவல. இதப் பாரு."

போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். வானிலைப் படத்தின் நீலக் கடலில் தீவுகள் சிதறிய பருக்கைகளாகக் கிடந்தன. காற்று வெள்ளைக் கோடுகளாக ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாகத் தினமும் காலையில் அடுப்பு மூட்டுமுன் அவள் பார்க்கும் படம். எண்ணூரில் மழை வருமா என்று அவளுக்குத் தெரியாது. ஃபிஜியில் மழை, டோங்காவில் வெயில், வனுவாட்டுவில் அலை நாலு மீட்டர் என்பாள். ரேடியோ ஸ்டேஷன் வந்துட்டா என்று கிருஷ்ணப்பன் கிண்டல் செய்வான். ஒரு நாளும் அந்தப் படத்தை எட்டிப் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தான். கோடுகள் ஒரு புள்ளியைச் சுற்றி ஓடின.

"இன்னாத்துக்கு இப்படிச் சுத்துது?"

"எப்படி?"

"கடியாரம் மாதிரி. தப்பாச் சுத்துது."

"அங்க அப்படித்தாண்ணா சுத்தும். நம்ம ஊர்லதான் மறுபக்கம். பூமியோட தெக்குப் பாதி அது. வந்த புயல் எல்லாம் பாத்துகினு தானே கீறேன்."

அவன் போனை வடக்குப் பார்த்துக் கீழே வைத்து, பகலவனின் தீவு என்று அவள் தொட்ட இடத்தில் தானே நிற்பதாக வைத்துக்கொண்டான். தென்கிழக்குப் பார்த்துத் திரும்பினான். வலது கையை நீட்டினான். அந்தப் பக்கம் வெறும் கடல். புயலின் கண் இடது பக்கம் இருந்தது. வடகிழக்கில்.

கை கீழே இறங்கியது. சாலையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நீ இன்னா சொன்ன அவருகிட்ட?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லலாம். அவள் நம்பியிருப்பாள்.

"பீச்சாங்கைப் பக்கம் போவச் சொன்னேன்."

அவள் கத்தவில்லை. குனிந்து போனை எடுத்து, 'திரும்புங்க. தென்மேற்கு' என்று அடித்தாள். ஒற்றை டிக் விழுந்தது. மறுபடி அடித்தாள். குரலில் பேசி அனுப்பினாள். அவனும் தன் போனிலிருந்து அனுப்பினான்: மாப்ள, தப்பா சொல்ட்டேன், திரும்பிடு, கை தப்பு, திரும்பிடு. எல்லாம் ஒற்றை டிக்கிலேயே நின்றன. இங்கே உச்சி வெயில். அங்கே இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

இருவரும் மண்ணடிக்குப் போனார்கள். கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஆபீசில் உஸ்மா என்ற பெண் தகவல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நாலு மணி நேரத்துக்கு மேலாத் தொடர்பு இல்லண்ணே. அங்க மீட்புப் பிரிவுக்குச் சொல்லியாச்சு. காத்து குறைஞ்சதும் விமானம் போகும்."

"எங்க தேடுவாங்க?"

"தென்மேற்குல. தப்பிக்கணும்னா அந்தப் பக்கம்தான் போயிருப்பாங்கன்னு சொல்றாங்க."

"வடகிழக்குல தேடச் சொல்லும்மா."

"அங்க புயல்தானே இருக்கு. அந்தப் பக்கம் எவன் போவான்?"

"போயிருப்பான்."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"நாந்தான் சொன்னேன். அவன் என் பேச்சைத் தட்ட மாட்டான்."

உஸ்மா செங்கொடியைப் பார்த்தாள். செங்கொடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உஸ்மா தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். அடித்ததை ஒருமுறை வாசித்துக் காட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. அதில் தன் பெயரும் வடகிழக்கும் இருக்கிறதா என்று கிருஷ்ணப்பன் கேட்டான். இருக்கிறது என்றாள்.

திரும்பும் வழியில் செங்கொடி திருவொற்றியூர் தாண்டியபோது ஒன்று மட்டும் கேட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலியா உனக்கு?"

அவன் தன் போனை எடுத்து ஒற்றை டிக்கைப் பார்த்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை பதினோரு மணிக்கு உஸ்மா போன் செய்தாள். காற்று குறைந்ததும் விமானம் முதலில் வடகிழக்கில் போயிருக்கிறது. ஒரு மிதவை கண்ணில் பட்டது. ஆறு பேர் போன கப்பல்; மிதவையில் நாலு பேர். பன்னிரண்டரைக்குப் பெயர்கள் வந்தன. மூன்றாவது பெயர் பகலவன். கால் எலும்பு முறிந்திருக்கிறது, பேச்சு இருக்கிறது என்றாள். செங்கொடி கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கம்பெனிக்குப் போன் செய்து இரண்டு நாள் லீவு கேட்டாள். ஒரு நாள்தான் கொடுத்தார்கள்.

கிடைக்காமல் போன இரண்டு பேரின் பெயரைக் கிருஷ்ணப்பன் கேட்டான். சமையல்காரர் ஒருவர், எஞ்சினில் வேலை செய்தவர் ஒருவர், இரண்டு பேரும் அந்தத் தீவுக்காரர்கள் என்று சொல்லி, உஸ்மா பெயர்களை மெசேஜில் அனுப்பினாள். இங்கிலீஷில் இருந்ததால் அவனுக்கு வாசிக்க வரவில்லை. செங்கொடியிடம் கொடுத்தான். அவள் இரண்டையும் ஒருமுறை வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

மாலை நாலு மணிக்கு லாஞ்ச் கடலுக்குப் போக வேண்டும். வேறு டிரைவரை வைத்துக்கொள்ளும்படி ஓனருக்குச் சொல்லி அனுப்பினான். வேறு ஆள் கிடைத்தான். லாஞ்ச் நாலே காலுக்குப் போயிற்று. காற்று லேசாக, தென்கிழக்கிலிருந்து வீசியது.