மாடு மேய்க்கத்தான் லாயக்கு

1

வந்த முதல் நாளே ஜோயல் ஓடிப்போகப் பார்த்தான்.

செண்பகத்தோப்பு ரோட்டில் இருக்கிறது எங்கள் பண்ணை. மனசு சரியில்லாமல் படிப்பு நின்றுபோன பிள்ளைகள் இங்கே தங்கி, தோட்ட வேலையும் மாட்டு வேலையும் பழகுவார்கள். மாத்திரை ஒரு பக்கம் நடக்கும். சனிக்கிழமை மதுரையிலிருந்து டாக்டர் வருவார். வேளாண்மைத் துறையில் ரிட்டயர் ஆன பிறகு நான் இங்கே ஃபார்ம் இன்சார்ஜ்.

ஜோயல் தளவாய்புரத்துப் பையன். பத்தொன்பது வயது. நீட் இரண்டு தடவை எழுதியும் சீட் கிடைக்கவில்லை. அதோடு பேச்சு நின்றுவிட்டது. அப்பா ரிட்டயர்டு எஸ்.ஐ.; டாக்டர் சொல்லித்தான் கொண்டுவந்து விட்டார்.

புதுப் பிள்ளைகளுக்கு முதலில் மாட்டைக் கொடுக்க வேண்டும், மாடு மார்க் கேட்காது என்று எங்களுக்கு ட்ரெயினிங்கில் சொல்லியிருந்தார்கள். கயிற்றை அவன் கையில் கொடுத்தேன். போட்டுவிட்டு கேட்டைப் பார்த்து ஓடினான். மறித்துப் பிடித்தேன்.

"எங்கலே போற?"

"எங்கப்பா சொன்ன மாதிரியே ஆயிட்டு சார்." மாதக்கணக்கில் வாய் திறக்காதவன் பேசிய முதல் பேச்சு அது. "மார்க் கொறைஞ்சா மாடு மேய்க்கத்தான் லாயக்குன்னு ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தே சொல்லுவாரு. இப்பக் கொண்டாந்து விட்டுட்டாரு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. முதலில் மாட்டைக் கொடு என்று எந்த ஊர்க்காரன் போட்ட திட்டமோ இது! அந்த ஊரில் பிள்ளைகளை இப்படித் திட்ட மாட்டார்கள் போல. நம் ஊரில் மாடு என்பது ஃபெயிலுக்கு அடுத்த வகுப்பு.

2

மாட்டை விட்டுவிட்டு அவனைக் கத்தரி நாற்றங்கால் வேலையில் போட்டோம். கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தான். திறந்ததெல்லாம் சண்டைக்குத்தான்.

"இது சாம்பாரா சார்? உப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"எம்புட்டு வாய்லே உனக்கு!" என்றேன். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

ஒருநாள் அவனாகவே தொழுவத்துக்கு வந்து கயிற்றைக் கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"மாடு மேய்ச்சா மேய்ச்சிட்டுப் போறேன். என்ன இப்ப?"

சனிக்கிழமை இதைச் சொன்னதும் டாக்டரும் சிரித்துவிட்டார். "இப்பத்தான் ஏறி வர்றான். இப்ப வெளிய எடுத்தா பழையபடி விழுந்திருவான். யாரு கேட்டாலும் அனுப்பாதீங்க" என்றார்.

3

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அப்பா வந்தார். மகன் காலெல்லாம் சாணியாக மாடு பத்திக்கொண்டு வருவதைப் பார்த்தார்.

"ஏலே, கார்ல ஏறு. கோச்சிங் சேத்தாச்சு."

"நான் வரலப்பா. இங்க நல்லா இருக்கேன். ஒங்களுக்கு அசிங்கமா இருந்தா நீங்க போங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "பாத்தியளா சார்? விடும்போது எம்புட்டு அமைதியா இருந்தான்! இப்ப எதுத்துப் பேசுதான். என்னத்த வைத்தியம் பாக்கிய?"

"பேசுறதுதான் சார் வைத்தியம்."

"மகன் என்ன பண்ணுதான்னு ஊருக்குள்ள அவனவன் கேக்கான். நான் என்னத்தச் சொல்ல?" கண் கலங்கிவிட்டது அவருக்கு. டாக்டர் போனில் பேசியும் கேட்கவில்லை.

"ஒங்கம்மா சாப்பிடாமக் கெடக்கா" என்றார் மகனிடம். அவன் காலைக் கழுவிவிட்டுக் காரில் ஏறினான்.

4

மனசு கேட்காமல் ஒரு தடவை தளவாய்புரம் போனேன். காபி கொடுத்து உபசரித்தார் அப்பா.

"நல்லாயிட்டான் சார். இப்ப ஒரு சத்தம் கெடையாது. உக்காருன்னா உக்காருதான்."

"மாத்திரை?"

"அதான் நல்லாயிட்டானே, நிறுத்தியாச்சு."

ஜோயல் விரித்த புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டேன். பார்த்தான். எந்தப் பக்கம் விரித்திருந்ததோ அதே பக்கத்துக்குத் திரும்பிவிட்டான். "மறுபடி டாக்டர்ட்ட காட்டுங்க சார்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். சரி சரி என்று பஸ் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் அழுகை வந்தது.

என்னைப் போல இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சேர்க்கிற அன்றைக்கே பெற்றவர்களிடம் உடைத்துச் சொல்லிவிடுங்கள்: உங்கள் பிள்ளை குணமானால் உங்களை எதிர்த்துப் பேசும்.

நான் இப்போது தவறாமல் சொல்கிறேன். பாதிப் பேர் வந்த வண்டியிலேயே பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.