அம்மா நேர்ந்துவிட்ட பிள்ளை

எங்கள் அம்பிட்டிய வீட்டில் கூரை ஒழுகினால் அதற்குக் காரணம் தகரத்தில் விழுந்த ஓட்டை அல்ல, அண்ணன். அப்பாவின் சம்பள உயர்வு தள்ளிப்போனாலும் அண்ணன்தான். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தால்கூட அம்மா கரண்டியோடு திரும்பி, "ஆண்டவருக்குக் கீழ்ப்படியாத ஆளு இருக்கிற வீட்டுல வேற என்னா நடக்கும்?" என்பார். அண்ணனும் லேசுப்பட்டவன் இல்லை. "அடுப்பப் பாக்காம பிரசங்கம் பண்ணுனா பொங்கத்தாம்மா செய்யும்" என்பான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சிரித்தால் என் தலையில் ஒரு குட்டு விழும்.

விஷயம் இதுதான். அம்மா கண்டி டவுனில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவோடு அவருடைய கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கினார். பல வருஷம் பிள்ளை இல்லை. பிறந்த வீடாக இருந்தால் மொட்டை போடுகிறோம், காவடி எடுக்கிறோம் என்று கதிர்காமத்துக்கு நேர்ந்திருப்பார்கள். அம்மா சாமியை மாற்றினாரே தவிர நேர்கிற பழக்கத்தை மாற்றவில்லை. "எனக்கு ஒரு ஆம்பளப் புள்ளையக் குடும், அவன உம்ம ஊழியத்துக்கே தந்துடுறேன்" என்று முழங்காலில் நின்று சொல்லிவிட்டார். அண்ணன் பிறந்தான். பாவம், தவழ்வதற்கு முன்பே அவனுக்கு உத்தியோகம் முடிவாகிவிட்டது.

எங்கள் சபை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே பெயின்ட் வாசம் அடிக்கும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசம் பட்டால் என் வாய் தானாக ஒரு ஞானப்பாட்டை முணுமுணுக்கிறது. பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். ஆண்டவர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். பரீட்சையில் பாஸானது, விசா கிடைத்தது, பல்வலி போனது, எல்லாம் வரும். அண்ணன் சின்னவனாக இருந்தபோது அம்மா எழுந்து, "எம் மகன் ஊழியத்துக்குன்னே பொறந்தவன்" என்று பூரித்துச் சொல்வார். சபை அக்காமார் அவனை "சின்ன பாஸ்டர்" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். அவன் கதிரைக்கு அடியில் புகுந்துகொள்வான்.

ஓ.எல். பரீட்சை முடிந்ததும் அவனை வேதாகமக் கல்லூரிக்கு அனுப்ப அம்மா புதுப் பெட்டியே வாங்கிவிட்டார். அண்ணனோ கம்பளையில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு வந்து நின்றான்.

"எனக்குப் பிரசங்கம் வராதும்மா. மாவு பெசையறது வருது."

ஐயோ, அன்றைக்கு வீட்டில் நடந்த கூத்து! அப்பா மாநகர சபையில் கிளார்க், வீட்டில் அதிர்ந்து பேசாத மனிதர். அவரே பொறுக்கமாட்டாமல், "வேலைக்குத்தானே போயிருக்கான், கொலையா பண்ணிட்டான்?" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. ஆண்டவரு ஒரு பக்கம் போகச் சொன்னா யோனா வேற பக்கம் கப்பல் ஏறுனாரே, அப்பவும் யாராவது இப்பிடித்தான் பரிஞ்சு பேசியிருப்பாங்க. அப்புறம் புயல் வந்துச்சா இல்லையா?"

அதன்பிறகு சாட்சி நேரம் அண்ணனுக்கு நரகமாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் அம்மா எழுந்து, "அழைப்புக்குக் கீழ்ப்படியாம ஓடுற எம் மகனுக்காக ஜெபியுங்க" என்பார். அந்த மகன் என் பக்கத்துக் கதிரையில்தான் உட்கார்ந்திருப்பான். எல்லாத் தலைகளும் திரும்பும். அவன் காது சிவந்துபோகும். கொஞ்ச நாளில், ஞாயிறு பேக்கரியில் வேலை அதிகம் என்று சபைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டான்.

ஆனால் சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவான். கம்பளையிலிருந்து பஸ் மாறி, மேட்டில் ஏறி, கையில் பையோடு வருவான். பைக்குள் அவன் சுட்ட பாண் இருக்கும். முதலை மாதிரி நீட்டிச் சீனி தூவிய கிம்புலா பனிஸ் எனக்கென்று தனியாக இருக்கும். அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் போடுவார். "உப்புக் கொறைவு" என்பார். சொல்லும்போதே கை அடுத்த துண்டுக்குப் போகும். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. திட்டும் கேலியுமாக நாங்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்தது அந்தச் சனிக்கிழமைகளில்தான்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு மகள் பிறந்தாள். பேத்தி என்றால் அம்மாவுக்கு உயிர். அவள் நர்சரிக்குப் போகிற வயதில் கண்டிப் பக்கமெல்லாம் டெங்கு பரவியது. அவளையும் பிடித்துக்கொண்டது. கண்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிளேட்லட் இறங்கிக்கொண்டே போனது. கவனமாகப் பார்க்க வேண்டும், இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மதியம், நோயாளிகளைப் பார்க்கிற நேரத்தில், நானும் அம்மாவும் போனோம். வார்டுக்கு வெளியே அண்ணன் நின்றிருந்தான். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. அம்மாவைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, நான் ஊழியத்துக்குப் போறேன். பாஸ்டர் ஐயாகிட்ட இப்பவே சொல்லுங்க. பேக்கரிய விட்டுர்றேன். எம் மேல உள்ள கோவத்த புள்ள மேல காட்ட வேணாம்னு ஆண்டவர்கிட்ட கேளுங்கம்மா. நீங்க கேட்டா கேப்பாரு."

இந்த வார்த்தைக்காகத்தான் அம்மா இத்தனை வருஷம் முழங்கால் தேய ஜெபித்தார். ஸ்தோத்திரம் என்று இப்போது கத்தப்போகிறார் என்றே நினைத்தேன். அம்மாவோ பேயறைந்தவர்போல் நின்றார்.

"புள்ள மேல கோவத்தக் காட்டுறாரா? யாருடா ஒனக்கு இப்பிடிச் சொன்னது?"

"நீங்கதானம்மா."

அவன் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். அம்மா பக்கத்தில் இருந்த வாங்கில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி அழுதார். பிறகு அவனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நேந்தது நான்டா. ஒன்னைய நான் கேக்கவே இல்லையே. அவருக்குக் கேக்கணும்னா என்னையத்தான் கேக்கணும். புள்ளையப் புடிச்சு வெச்சுக்கிட்டு அப்பன மெரட்டுற ஆளு இல்ல அவரு. நாந்தான் ஒனக்கு அவர அப்பிடிக் காட்டிட்டேன். நீ ஊழியத்துக்கும் போக வேணாம், ஒரு எடத்துக்கும் போக வேணாம். போய் புள்ள பக்கத்துல இரு."

ஆண்டவர் இரக்கம், பிளேட்லட் ஏறத் தொடங்கியது. பிள்ளை கஞ்சி கேட்டாள். எங்களுக்கும் உயிர் வந்தது.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அம்மா எழுந்தார். பிள்ளை சுகமானது எல்லோருக்கும் தெரியும். கீபோர்ட் வாசிக்கிறவர் நன்றிப் பாட்டுக்கு விரலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"பேத்திக்குச் சொகம், ஸ்தோத்திரம்" என்றார் அம்மா. "இன்னொன்னும் சொல்லணும். எம் மகன் கீழ்ப்படியலன்னு இங்க நின்னு எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன். கீழ்ப்படியாதது அவன் இல்ல, நான். எனக்கு அவர் புள்ளையக் குடுத்தது அன்பா வளக்கத்தான். நான் பயங்காட்டி வளத்தேன். என்னோட நேர்த்திக்கடன அவன் தலையில கட்டுனேன். இனிமே அவனுக்காக யாரும் அப்பிடி ஜெபிக்காதீங்க."

கீபோர்ட் வாசிக்கிறவர் விரலை எடுத்துக்கொண்டார். கடைசியில் பாஸ்டர் ஐயாதான் மெதுவாக ஆமென் சொன்னார். அம்மா உட்கார்ந்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணனிடம் அம்மா இதைச் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த வீம்பு அவருக்குக் கடைசி வரைக்கும் போகவில்லை. ஆராதனை முடிந்ததும் நேராகக் கம்பளைக்குப் பஸ் ஏறினேன். பேக்கரிக்குப் பின்னால் அண்ணன் மேசையில் மாவு அடித்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். கை நின்றது.

"எல்லாருக்கும் முன்னாடியா?"

"எல்லாருக்கும் முன்னாடிதான்."

"எந்திரிச்சு நின்னா சொன்னாங்க?"

"எந்திரிச்சு நின்னுதாண்ணே."

ஒரு பிள்ளைக்குத் தகப்பனான மனிதன், மாவுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.