சுவரில் முளைத்த அரசு

மலைநாட்டு நகரில், வாவிக்கு மேலே, சரிவில், மன்னர் காலத்து மண்டபம் ஒன்று இருந்தது. வெகுகாலம் களஞ்சியமாகக் கிடந்த அதை அரசாங்கம் பழுதுபார்க்கத் தொடங்கியபோது, பத்திரிகைக்குச் செய்தி எழுத நான் அடிக்கடி அங்கே போனேன். கூரை வேலை சிங்களத் தச்சர்களுடையது. காடாகிப்போன தோட்டத்தைத் திருத்தியவன் தெல்தோட்டைத் தேயிலை மலையிலிருந்து வந்த தமிழன்; கத்தோலிக்கன், ஊர்ப்பேச்சில் வேதக்காரன். பின்மதிலோரம் ஓர் அறையில் மனைவியுடன் இருந்தான். அவளுக்கு நிறைமாதம்.

மேற்குச் சுவரை ஓர் அரசமரம் பிளந்திருந்தது. அதை எடுக்காமல் கூரையை ஏற்ற முடியாது. புத்தர் அமர்ந்த மரத்தில் கத்தி வைக்கத் தச்சர்கள் மறுத்தார்கள். யாழ்ப்பாணத்து ஓவர்சியர் சைவர், அவரும் தொடவில்லை. தோட்டக்காரனைக் கூப்பிட்டார்.

“நீ வேதக்காரன் எல்லே. உனக்கென்ன பாவம்?”

“அப்போ மொத வெட்டு ஐயா வெட்டிக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

தமிழ் தெரிந்த தச்சன் ஒருவன் சிரித்தான். ஓவர்சியர் சிரிக்கவில்லை. வெட்டாவிட்டால் அறையைக் காலிசெய்யலாம் என்றார்.

அவன் வெட்டினான். தச்சர்கள் முதுகைக் காட்டி நின்றார்கள். கல்லிடுக்கில் ஓடிய வேர்களைத் தோண்டியெடுக்க இரண்டு நாள் பிடித்தது. அதன்பின் அவன் கொண்டுவந்த வாளித் தண்ணீரை எவரும் குடிக்கவில்லை. சண்டை எதுவும் இல்லை; ஆளுக்கொரு போத்தலில் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அந்த வாரம் குழந்தை இறந்து பிறந்தது. மறுநாள் தச்சர்கள் கூரையில் ஏறவில்லை. அவன் வளவுக்குள் இருக்கும்வரை ஏறமாட்டோம், மரத்தின் பாவம் எங்கள்மேலும் விழும் என்று சொல்லிவிட்டார்கள். கூரை திறந்து கிடந்தது, மழை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓவர்சியர் அவனைப் போகச் சொன்னார்.

“வெட்டச் சொன்னது ஐயாதானேங்க?”

மனைவி நடக்க முடியாமல் மதிலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அவன் தலையில் தகரப்பெட்டியுடன் முன்னால் போனான். மாலையே அந்த அறையில் தச்சர்கள் தங்கள் தச்சு ஆயுதங்களை வைத்தார்கள்.

திறப்புவிழா நன்றாக நடந்தது. அவன் நட்ட பூச்செடிகளைப் பெரியவர்கள் பாராட்டினார்கள். நானும் அப்படியே எழுதினேன்.

அடுத்த மழைக்குப் பிறகு போனபோது, வெள்ளையடித்த மேற்குச் சுவரில், அதே இடத்தில், நான்கு செந்துளிர்கள் நின்றன. ஓவர்சியர் என்னைத் தனியே அழைத்துப்போனார்.

“தம்பி, உமக்குத் தெரிஞ்ச வேதக்காரர் ஆரும் இருக்கினமோ?”